வாயில் சொல்லாத எழுத்து

ஆடி 6, வியாழன்

எழுத்து கோணலும் மாணலுமாகப் போகிறது, மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன்? இந்த நோட்டைப் படிக்கப் போகிறவன் நான் ஒருவன்தான். ஆனாலும் கேட்டு வைக்கிறேன். களைக்கொத்தும் அரிவாளும் பிடித்துக் காய்த்த கை இது. பென்சில் அதற்குள் புழுவைப் போல நழுவுகிறது. அழுத்தினால் தாள் கிழிகிறது, லேசாகப் பிடித்தால் எழுத்து தெரிவதில்லை. இந்த நாலு வரி எழுதுவதற்குள் அடுப்பில் களி கிண்டி இறக்கிவிட்டார்கள்.

நோட்டு என்னுடையது அல்ல. என் மருமகளின் அப்பா, சம்பந்தி அர்த்தனாரி, போன தடவை மலை ஏறி வந்தபோது பேரனுக்கென்று கொடுத்தது. பேரன் முதல் பக்கத்தில் ஒரு கோழி வரைந்தான். இரண்டாம் பக்கத்தில் அதே கோழியைப் பெரிதாக வரைந்தான். மீதியை நான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் குண்டனி நாட்டில், மலைமேல் இருக்கிற இந்த ஊர்களில், பள்ளிக்கூடம் இல்லை. இருக்கிற இடத்துக்குக் காடு தாண்டி, ஓடை தாண்டிப் போக வேண்டும். சின்னப் பிள்ளைகளால் ஆகாது. அதனால் மருமகள் அம்சவேணி தன் பிள்ளைகள் இருவருக்கும் வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கிறாள். கீழே சேந்தமங்கலத்தில் மூன்று வருஷம் பள்ளிக்கூடம் போனவள். முறத்தில் கேழ்வரகைப் பரப்பி அதில் விரலால் எழுதச் சொல்வாள். ஒரு பக்கம் பேத்தி பாவாயி, ஒரு பக்கம் பேரன் செல்லமுத்து. மூலையில், மூங்கில் சீவுகிற சாக்கில், நான். போன மழைக்காலத்தில் உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

முதல் முதலாக நானே படித்தது உப்பு மூட்டையின் மேல் ஒட்டியிருந்த தாளை. உ, ப், பு. உப்பு. படித்தவுடன் நாக்கில் கரித்தது.

இன்ன வருஷம் என்று மேலே போட ஆசை. இந்த வருஷத்தின் பேர் எழுத வரவில்லை. என் பேரும் எழுத வரவில்லை. மற்றது ஏறக்குறைய எல்லாம் வருகிறது.

ஆடி 7, வியாழனுக்கு மறுநாள்

இந்தக் கிழமையை மருமகள் இப்படித்தான் சொல்லித் தந்தாள். அப்படியே எழுதிவிட்டேன்.

மருமகள் என் முன்னால் நின்று பேச மாட்டாள். அது எங்கள் பழக்கம். நான் தப்பாக எழுதினால் தன் மகள் பாவாயியிடம் சொல்வாள்: "கண்ணு, அப்பாருகிட்டச் சொல்லு, கொம்பு முன்னால வரோணும்." எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறேன். ஆனாலும் பாவாயி எழுந்து, என் முகத்துக்கு நேராக வந்து நின்று, இன்னொரு தடவை சொல்வாள்.

"அப்பாரு, கொம்பு முன்னால வரோணுமாமா. எத்தனை வாட்டி சொல்றது?"

அந்தக் கடைசிப் பேச்சு அவள் அம்மா சொன்னது அல்ல.

பாவாயி தன் பேரை எழுதிவிட்டாள். பா, வா, யி. இரண்டு கால் போட்டு, ஒரு சுழி சுழித்தால் பேர் முடிந்தது. அது ஒரு பேரா? செல்லமுத்துவும் எழுதிவிட்டான், 'ல்' மட்டும் படுத்துக்கொண்டிருக்கிறது. என் பேரை எழுதிக் காட்டச் சொல்லும்படி பாவாயியை அனுப்பினேன். மருமகள் முறத்திலிருந்த கேழ்வரகைத் தட்டிச் சமமாக்கினாள். பிறகு, "அதை அப்பறம் பாத்துக்கலாம்னு சொல்லு கண்ணு" என்றாள்.

பிள்ளைகளுக்கு உடனே. எனக்கு அப்புறம். ஏன்?

ஆடி 10, திங்கள்

இன்று வ வரிசை. முறத்தில் வரிசை முழுக்க எழுதிவிட்டு, வ, வா, வி, வீ, வு, வூ என்று விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே போனாள். அடுத்த எழுத்து வந்ததும் அதன் மேல் விரலை வைத்துத் தாண்டிவிட்டாள். செல்லமுத்து விடவில்லை, அது என்ன என்று கேட்டான்.

"அது வாயில சொல்லக் கூடாத எழுத்து, சாமி" என்றாள்.

சாமி எழுத்து போலிருக்கிறது. மூன்று பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

ஆடி 12, புதன்

மழை. நேற்று முறத்தில் நான் எழுதி வைத்த 'ஆ'வைக் கோழி தின்றுவிட்டது. பாவாயி எழுதியதைத் தொடவில்லை.

ஆடி 18, செவ்வாய்

ஆடிப் பதினெட்டு நோன்புக்குச் சம்பந்தி வந்தார். அடிவாரத்துக் காரவள்ளி வழியாக ஏறி வந்தும் அவருக்கு மூச்சு வாங்கவில்லை. சேந்தமங்கலத்தில் மண்டியில் எடை போடுகிறவர், அதனால் எழுத்தும் கணக்கும் கையோடு இருக்கிறது. அவரும் எங்கள் மலைக்காரர்தான். சின்ன வயதில் இறங்கிப் போனவர்.

"அப்புச்சி" என்று பிள்ளைகள் இரண்டும் ஓடிப்போய் அவர் தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்றாகத் தொங்கின. தினமும் கூட இருக்கிற என் மேல் யாரும் தொங்குவதில்லை. பாவாயிக்கு ஒரு சிலேட்டு, செல்லமுத்துவுக்கு ஒரு சிலேட்டு. எனக்குப் புகையிலை. நல்ல புகையிலைதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் கேட்டதும் அவர் சிலேட்டில் தன் பேரை எழுதினார். எவ்வளவு நீளமான பேர்! செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற மாதிரி, கை எடுக்காமல் எழுதி, கடைசியில் அடியில் ஒரு கோடும் இழுத்தார். செல்லமுத்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். நானும்தான். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டு பார்த்தேன்.

சாப்பிட்ட பிறகு ஆரம்பித்தார்.

"சம்மந்தி, ஊட்டுக்குள்ள ஒக்காந்து படிக்கறதெல்லாம் ஒரு படிப்பாங்க? மழை வந்தா இல்ல, களை வந்தா இல்ல, கோழி வந்தாக்கூட இல்ல. ரெண்டையும் எங்கூட அனுப்புங்க. பள்ளிக்கோடத்துல சேத்தர்றேன். எங்க ஊட்டுல அவுங்க அம்மாயி சோறு போட்டுப் பாத்துக்குவா."

உள்ளே உலக்கைச் சத்தம் நின்றது. என் மகன் அருணாசலம் தரையைப் பார்த்தான்; மாமனாரை எதிர்த்துப் பேசுகிறவன் அல்ல அவன். நான்தான், இங்கேயே நன்றாகப் படிக்கிறார்கள் என்றேன்.

"அப்பிடிங்களா. அப்ப நானு புரட்டாசியில வாரேன். கையில கெடைக்கற தாள் ஒண்ணக் குடுப்பேன். நிக்காமப் படிச்சுட்டா இங்கயே இருக்கட்டும். இல்லீன்னா கூட்டிட்டுப் போயிருவேன். சரிதானுங்களே?"

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? அவர் இழுத்த கோட்டைப் பார்த்த எரிச்சலில் சொல்லிவிட்டேன்.

பிள்ளைகள் போனால் மருமகள் என்ன ஆவாள்? இரவில் அவர்கள் பக்கத்தில் படுக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. பாடமும் போய்விடும். எனக்கு மட்டும் அவள் நேராகச் சொல்லித் தர முடியுமா? நடுவில் ஒரு பாவாயி வேண்டும்.

ஆடி 24, திங்கள்

செல்லமுத்து படிக்க மாட்டேன் என்று பலா மரத்தில் ஏறிவிட்டான். மருமகள் கெஞ்சினாள், மிரட்டினாள், பிறகு அவளும் அழுதாள். களை எடுக்க ஆள் இல்லாமல் மகன் ஒருவனாகக் காட்டில் கிடக்கிறான், இவள் மரத்தடியில் நிற்கிறாள். கடைசியில் அங்கேயே பாடம் நடந்தது. அவள் குச்சியால் தரையில் பெரிதாகக் கீறுவாள், அவன் மேலே இருந்து படிப்பான். பெரிதாக இருந்ததால் எனக்கும் சுளுவாகத் தெரிந்தது. இரண்டு எழுத்தை அவனுக்கு முன்னால் நான் சொன்னேன். யாரும் கவனிக்கவில்லை. "எஞ்சாமி எத்தனை நல்லாப் படிக்குது" என்று மரத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஆவணி 5, ஞாயிறு

ஒரு வரி நிறுத்தாமல் படித்தால் ஒரு துண்டு சர்க்கரைக் கட்டி என்று மருமகள் புதிதாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். செல்லமுத்து படித்துத் தின்றான். பாவாயி படித்துத் தின்றாள். அதே வரியை நானும் படித்தேன், சத்தமாகவே படித்தேன். ஒன்றும் வரவில்லை. பிறகு பானையிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன்.

ஆவணி 13, திங்கள்

செல்லமுத்துவுக்குக் குளிர்காய்ச்சல். பாடம் இல்லை. பாவாயி சிலேட்டில் 'காய்ச்சல்' என்று எழுதி அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் எச்சில் துப்பி அழித்தான்.

ஆவணி 27, திங்கள்

சாமை அறுப்பு முடிந்தது. பத்து நாளாக யாரும் சிலேட்டைத் தொடவில்லை; எல்லாம் மறந்து போயிருக்கும் என்று மருமகள் பயந்துகொண்டிருந்தாள். இன்று தீப்பெட்டியைக் கொடுத்துப் பாவாயியைப் படிக்கச் சொன்னாள். படித்தாள். மருந்துப் புட்டி. படித்தாள். பக்கத்து வீட்டில் எண்ணெய் டின் இருந்தது. அங்கேயும் போய்ப் படித்துவிட்டு வந்தாள். அந்த வீட்டுக்காரி என்னிடம் வந்து, உங்கள் பேத்தி வாயில் கலைமகள் இருக்கிறாள் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

தீப்பெட்டியை நானும்தான் படித்தேன். போன வாரமே படித்தேன். என் கையை யாரும் பிடிக்கவில்லை.

வயிறு எரிகிறது. சந்தோஷமும் அதே வயிற்றில்தான் இருக்கிறது. இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

புரட்டாசி 6, வியாழன்

சம்பந்தி காலையில் வந்தார். புகையிலை சுற்றியிருந்த தாளைப் பிரித்து நீவிக் கொடுத்தார். மாட்டுச் சந்தை விளம்பரம். முதலில் செல்லமுத்து. 'சேந்தமங்கலத்தில்' என்ற அந்த ஒரு நீளச் சொல்லை விரல் வைத்து, வியர்த்து, படித்து முடித்தான். அடுத்தது பாவாயி.

"வருகிற" என்றாள். விரல் ஒரு கணம் நின்றது. பிறகு தாண்டியது. "ள்ளிக்கிழமை சந்தை கூடும்" என்று முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நடுவுல ஒண்ண முழுங்கிட்டியே கண்ணு" என்றார் சம்பந்தி.

"இல்லீங்க அப்புச்சி. அது வாயில சொல்லக் கூடாத எழுத்துங்க. சாமி எழுத்து."

சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். செல்லமுத்துவும் போட்டுக்கொண்டான். என் கையும் பாதி தூரம் போனது.

சம்பந்தி இருமல் வரும்வரை சிரித்தார். எந்தச் சாமி, எந்தக் கோயில் சாமி என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. உள்பக்கம் பார்த்து, "இதுக்கா உன்னைய மூணு வருசம் பள்ளிக்கோடம் அனுப்புனேன்?" என்றார். கதவுக்குப் பின்னால் மருமகளின் கால் மட்டும் தெரிந்தது. அதுவும் உள்ளே போனது. நாளைக் காலையில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு இறங்குகிறேன், துணிமணியைக் கட்டி வை என்று சொல்லிவிட்டார்.

உள்ளதை எழுதுகிறேன். பாவாயியின் விரல் நின்றபோது எனக்கு உள்ளே இனித்தது. அப்பாடா, இவளுக்கும் ஒன்று தெரியவில்லை என்று இருந்தது. அந்த இனிப்பு கொஞ்ச நேரம்தான். அவள் படித்ததை என் வாயில் போட்டுப் பார்த்தேன். ள்ளிக்கிழமை. முன்னால் எந்தச் சத்தம் சேர்த்தால் அது கிழமை ஆகும்? சேர்த்துப் பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன். என் அம்மா என்னைக் கூப்பிட வாயைத் திறந்தால் முதலில் வருவது அந்தச் சத்தம்தான்.

இங்கே பெண்கள் புருஷன் பேரையும் மாமனார் பேரையும் வாயில் சொல்வதில்லை. என் மகன் பேரில் தொல்லை இல்லை. அருணாசலம் என்று ஒரு காயும் இல்லை, கிழமையும் இல்லை. என் பேர் அப்படி அல்ல, அதன் முதல் எழுத்தில் தொடங்குகிற சொல் நிறையக் கிடக்கிறது. பெருமாயி, என் பெண்டாட்டி, இருந்தவரைக்கும் பாக்கோடு போடுகிற இலையைக்கூடத் 'தழை' என்றுதான் சொல்வாள். மருமகளையும் அப்படியே பழக்கிவிட்டுச் செத்துப்போனாள். வாயில் சொல்லக் கூடாத எழுத்து, சாமி — சாமி என்று மருமகள் சொன்னது செல்லமுத்துவைக் கொஞ்சித்தான். நாங்கள்தான் கோயில் சாமி என்று எடுத்துக்கொண்டோம்.

எந்தச் சாமி என்று கேட்டாரே. நான்தான்.

சம்பந்தி ஓடைக்குக் குளிக்கப் போயிருக்கிறார். வந்ததும் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? சொல்ல வேண்டும்.

வெகுதானிய வருஷம், புரட்டாசி 7, வெள்ளி

மேலே உள்ள வரியை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று சம்பந்தி ஈரத் துண்டோடு வந்ததும் சொன்னேன்.

"சம்மந்தி, அந்த எழுத்து எம் பேருங்க."

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. துண்டைப் பிழியாமல் நின்றார். தன் வீட்டிலும் இதே கதைதான் என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினார்.

"மருவாதி பெருசுதானுங்க. எம்புள்ள அப்பிடி இருக்கறது எனக்கும் பெருமைதான். ஆனா இந்த ஊட்டுல அந்த எழுத்த ஆரு சொல்றது? அவ சொல்ல மாட்டா. சொன்னா நானே அடிப்பேன். ஒரு எழுத்து இல்லாத படிப்ப வெச்சுக்கிட்டு என்னங்க பண்றது?"

நான் உத்தரவு கொடுத்துவிட்டேன், சொல்லலாம் என்று பாவாயியிடம் சொல்லி அனுப்பினேன். மருமகள் வாயைத் திறந்தாள். மேல் பல்லில் உதடு பட்டது, அதோடு நின்றது. சத்தம் வரவில்லை, கண்ணீர் வந்தது. பெருமாயி அத்தனை நன்றாகப் பழக்கியிருக்கிறாள்.

இன்று காலையில் மூட்டை கட்டியாகிவிட்டது. பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரியிருந்தது. செல்லமுத்து அவன் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அருணாசலம் அவன் விரலைப் பிரிக்கவும் இல்லை, போக வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. சம்பந்தி மலை இறங்க ஊன்றுகம்பை எடுத்துவிட்டார்.

அப்போது மருமகள் வெளியே வந்தாள். கையில் சிலேட்டு. நேராக என் முன்னால் வந்து, தரையில் வைத்து, பின்னால் நகர்ந்து நின்றாள்.

"வாயில சொல்லக் கூடாதுன்னுதானுங்க அத்தை சொன்னாங்க. கையைப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க மாமா."

என்னிடம் சொன்னாள். நடுவில் யாரும் இல்லாமல் என்னிடமே சொன்னாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இது முதல் தடவை. பாவாயி திகைத்துப் போய் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் வேலை போய்விட்டது. முகம் சுருங்கி உதடு பிதுங்கியது. அது என்ன என்று எனக்குத் தெரியும். ஆடி மாதத்திலிருந்து என் முகத்தில் இருந்தது அது.

சிலேட்டைத் தூக்கிப் பிடித்தேன். விரல் வைத்தேன். முதல் எழுத்து, வ, அதற்கு முன்னால் கொம்பு.

"வெ" என்றேன்.

ஒன்றும் ஆகவில்லை. இடி விழவில்லை. மேலே படித்தேன். ள், ளை, ய, ன். வெள்ளையன். எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்ட பேர். தாளிலோ சிலேட்டிலோ அதை நான் பார்த்தது இல்லை. கொஞ்சம் ஒல்லியாகத்தான் இருக்கிறது.

"வெள்ளையன்" என்றான் செல்லமுத்து. அடுத்து பாவாயி. சம்பந்தி மடியிலிருந்து அந்தப் புகையிலைத் தாளை எடுத்துப் பாவாயியிடம் நீட்டினார். "வருகிற வெள்ளிக்கிழமை சந்தை கூடும்" என்று ஒரே மூச்சில் படித்தாள். சம்பந்தி மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடியும் படித்தாள்.

மூட்டையை அவரே அவிழ்த்தார். "தை வரைக்கும் பாக்கறேன்" என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னார். படி இறங்கும்போது என் பக்கம் திரும்பி, "எம்புள்ள எழுதுவா. அந்த ஒரு எழுத்துக்குச் சத்தம் குடுக்கற வாத்தியாரு நீங்கதான், வெள்ளையரே" என்றார். அவர் மேல் இருந்த எரிச்சலில் கொஞ்சம் குறைந்தது. எல்லாம் அல்ல. அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

புரட்டாசி 14, வெள்ளி

ஒரு வாரமாக வீட்டில் வேறு பேச்சு இல்லை. வெயில், வெங்காயம், வெள்ளரி, வெல்லம், வெள்ளாடு. முறத்தில் அந்த எழுத்து வந்தால் மருமகள் விரலை வைத்துவிட்டு நிற்பாள், பிள்ளைகள் என் பக்கம் திரும்புவார்கள், நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தம் கொடுப்பேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. மூன்று நாள் இருந்தது. இப்போது நான் செருமுவதற்குள்ளேயே பாவாயி சொல்லிவிடுகிறாள்.

மருமகள் எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இப்போது எழுதிவிடுகிறாள். நேற்று நான் காட்டுக்குப் போகும்போது சிலேட்டு வாசலில் இருந்தது. 'வெற்றிலை தீர்ந்துவிட்டது.' படித்துவிட்டுப் போய்ப் பறித்து வந்தேன். எனக்கென்று எழுதியது. அதையும் பாவாயி எனக்கு முன்னால் படித்துவிட்டாள் என்று செல்லமுத்து சொல்லித்தான் தெரிந்தது.

இன்று தானியக் குதிரின் மேல் பாவாயி கரியால் என் பேரை எழுதியிருக்கிறாள். நான் இந்த வாரம் முழுக்க இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதையே எழுதிப் பார்க்கிறேன். எனக்கு 'ளை'யின் முன்னால் வளைகிற யானைத் துதிக்கை தரையில் புரள்கிறது, 'ன்' போய் 'ய' மேல் இடிக்கிறது. அவளுக்கு எல்லாம் வரிசையாக, தோளோடு தோள் நிற்கிறது. என் பேர். என்னைவிட அழகாக எழுதியிருக்கிறாள்.

துடைத்துவிடலாம் என்று துணியை நனைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் போனதும் இன்னொரு தடவை படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. துணியைப் பிழிந்து காயப் போட்டுவிட்டேன்.

பென்சில் விரலுக்குள் அகப்படாத அளவுக்குத் தேய்ந்துவிட்டது. வருகிற வாரம் அருணாசலம் சந்தையிலிருந்து புதிது வாங்கி வருவான். வந்ததும் உட்கார்ந்து, அவளுடையதைவிட நேராக எழுதப் போகிறேன். அதுவரைக்கும் என் பேர் அவள் எழுத்திலேயே இருக்கட்டும்.